தீபம் மங்கிய மாசம்

"இன்னா சாமி, பெருமாளு மொகமே தெர்ல?"

மார்கழி ஆறாம் தேதி விடிகாலையில் ராமதாஸ் இப்படிக் கேட்டபோது ஆராவமுதன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெளியே பனி, உள்ளே இருட்டு, ராமதாஸுக்கு அறுபத்து மூன்று வயது. அணுபுரத்தில் கேன்டீன் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர். சாம்பாரில் பருப்பு குறைகிறதா என்று முப்பது வருஷம் பார்த்துப் பழகிய கண். எதைப் பார்த்தாலும் அதில் என்ன குறைகிறது என்றுதான் முதலில் பார்ப்பார்.

"பனி மூட்டம், ராமதாஸ். கொஞ்சம் கிட்ட வாங்கோ."

"கிட்ட வந்தும் தெர்ல சாமி. போன மாசம்லாம் சும்மா ஜெகஜோதியா இருந்துச்சே."

பின்னால் நின்ற ரெண்டு மூணு பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

புதுப்பட்டினத்திலிருந்து கடலுக்குப் போகிற ரோட்டில் இருக்கிற சின்னப் பெருமாள் கோயில் அது. கருவறைக்குள் கரண்டு விளக்கு கூடாது என்று ஊரில் கட்டுப்பாடு. பக்கத்துக்கு ஒரு எண்ணெய் விளக்கு முணுக்கென்று எரியும். ஆரத்தி நேரத்தில் நெய்த் தீபத்தைத் தூக்கிக் காட்டினால்தான் பெருமாள் முகம் தெரியும். பத்தொன்பது வருஷமாக அந்தத் தீபத்தைத் தூக்கிக் காட்டுகிறவர் ஆராவமுதன். வயது ஐம்பத்தேழு.

கார்த்திகைக் கடைசியில் பெய்த மழை அவரை ஒரு வழி பண்ணிவிட்டுப் போயிருந்தது. ஆரத்தி நேரத்தில் ஸ்விட்சைப் போட்டால் முரசும் மணியும் ஜால்ராவும் தானாக அடிக்குமே, அந்தக் கரண்ட் மேளத்தின் மோட்டாருக்குள் கூரை ஒழுகி, காயில் கருகிப் போச்சு. அதே வாரம் ஈரப் படியில் வழுக்கி விழுந்ததில் அவருடைய இடது தோள் இறுகிக்கொண்டது. கையை இடுப்புக்கு மேல் தூக்க முடியவில்லை. வலது கையில் தீபம், இடது கையில் கைமணி என்று இருந்தது போய், தீபத்தை மட்டும் காட்டிக்கொண்டிருந்தார்.

கோயில் கமிட்டித் தலைவர் தீனதயாளன் அதற்கு அனுமதியும் கொடுத்துவிட்டார். "மணி அடிக்கலன்னா இன்னா சாமி, பெருமாளு கோச்சுக்கவா போறாரு? மோட்டாரு வந்துடும், நீ கைய பாத்துக்கோ." பஜாரில் பெயின்ட், சிமென்ட் கடை வைத்திருக்கிறவர். நல்ல மனுஷன்தான். மோட்டாரைச் செங்கல்பட்டில் காயில் கட்டக் கொடுத்திருந்தார். இன்றைக்கு, நாளைக்கு என்று அது அங்கேயே கிடந்தது.

மறுநாளும் ராமதாஸ் அதையே சொன்னார். அதற்கு மறுநாள் அவர் சொல்லவில்லை, மற்றவர்கள் சொன்னார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பேச்சுக்கு ஒரு காரணமும் கிடைத்துவிட்டது.

"கமிட்டி குடுக்கறது அரை கிலோ டப்பா நெய்யி. அது எங்க போவுது? வனஸ்பதிய ஊத்தி எரிச்சா மங்கலாதான் எரியும்."

ராமதாஸ் இதை ஆராவமுதன் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. செருப்பு விடுகிற இடத்தில் சொன்னார். அங்கே சொன்னால் கருவறை வரைக்கும் கேட்கும் என்பது அவருக்குத் தெரியும்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஆராவமுதன் சாப்பிடாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நாலு மணிக்கு எழுந்த உடம்பு. கண்ணை மூடினால் தூங்கிவிடலாம் போல இருந்தது. ஆனால் தூக்கம் வரவில்லை.

"ஏன்னா, தட்டு வெச்சு எவ்வளவு நாழியாறது?" என்றாள் வத்சலா.

"நெய் திருடறேனாம்."

"யார் சொன்னா?"

"யார் சொன்னா என்ன? இந்தக் கரையில ஒரு கோயில்ல நெய் திருடின பட்டர்னு பேர் வந்துடுத்துன்னா, சதுரங்கப்பட்டினத்துலேந்து மாமல்லபுரம் வரைக்கும் ஒருத்தன் உள்ள விடமாட்டான்."

 வத்சலா உள்ளே போய் வீட்டு நெய் ஜாடியை எடுத்து வந்து அவர் பக்கத்தில் வைத்தாள். "நாளைக்கு இதையும் சேத்து விடுங்கோ. திரியையும் ரெட்டையாப் போடுங்கோ. தெரியலைன்னு எப்படிச் சொல்றான்னு பாத்துடலாம்."

ரெட்டைத் திரி போட்டார். மறுநாள் மூணு திரியாகத் திரித்தார். தீபம் கொழுந்துவிட்டு எரிந்தது, புகை மேலே போய் விட்டத்தில் முட்டியது.

"பொகதான் வருது, வெளிச்சம் வர்ல," என்றார் ராமதாஸ்.

இதில் ஆராவமுதனைக் குடைந்த விஷயம் வேறு. அவர் கண்ணுக்குமே அது மங்கலாகத்தான் இருந்தது. தீபத்தைத் தூக்கினால் பெருமாளின் மோவாயும், மார்பில் இருக்கிற வெள்ளிக் கவசத்தின் விளிம்பும் முன்பெல்லாம் சட்டென்று எழுந்து வரும். இப்போது எழுந்து வரவில்லை. கல் கல்லாகவே நின்றது. நெய் அதே நெய், டப்பாவைத் திறந்தவர் அவர், ஊற்றியவர் அவர். அப்படியும் ராமதாஸ் சொல்வது சரி என்று அவர் கண்ணே சாட்சி சொன்னால் மனுஷன் என்ன பண்ணுவான்?

கண்புரையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். திங்கட்கிழமை காலைப் பூஜையை முடித்துக்கொண்டு செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினார். கண் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் நாற்பத்தொன்று. பிளாஸ்டிக் நாற்காலியில் மூணு மணி நேரம். சொட்டு மருந்து விட்டுப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார், "புரையெல்லாம் ஒண்ணும் இல்ல பெரியவரே. உங்க வயசுக்கு அருமையான கண்ணு. தூங்குங்க கொஞ்சம், கண்ணு செவந்திருக்கு."

நல்ல செய்திதான். ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் அவருக்கு அது கெட்ட செய்தியாகப் பட்டது. கண்ணில் கோளாறு இல்லை, நெய்யில் கோளாறு இல்லை என்றால் கோளாறு எங்கே?

புதன்கிழமை தீனதயாளன் கோயிலுக்கு வந்தார். வழக்கமாகச் சிரித்துக்கொண்டே வருகிறவர், அன்றைக்கு மண்டபத்துத் தூணைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"சாமி, நா ஒண்ணு சொல்வேன், நீ தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்கோ."

"பத்தொம்பது வருசமா உன்ன பாத்துகினு கீறேன். நா நம்பல. ஆனா கமிட்டில நாலு பேரு கேக்கறானுங்கோ, நா வாயி மூடிகினு இருந்தா நானும் பங்கு வாங்கறேன்னு சொல்லுவானுங்கோ. அதனால ஞாயித்துக்கெழம காலைல நானே நெய்யி எடுத்துகினு வரேன். என் வூட்டு மாட்டு நெய்யி. என் திரி, என் வெளக்கு. எல்லாரும் பாக்கட்டும். அதுல பெருமாளு மொகம் பளிச்சுனு தெரிஞ்சுதுன்னா..."

"தெரிஞ்சா, இத்தனை நாளா நான் திருடினேன்னு அர்த்தம்."

"நா அப்டி சொல்லல சாமி."

"சரியாத்தான் சொல்றேள். தெரிஞ்சா நானே சாவியைக் குடுத்துட்டுப் போயிடறேன்."

தீனதயாளன் போன பிறகு ஆராவமுதன் படியில் உட்கார்ந்தார். எப்படியோ ஒரு முடிவு வந்தால் சரி என்றிருந்தது. அவ்வளவு அலுத்துப் போயிருந்தார்.

வெள்ளிக்கிழமை திருமஞ்சனத்துக்குப் பால் கொண்டு வந்தாள் வேண்டா. ரெண்டு மாடு வைத்திருக்கிறாள். இருபது வயசில் வந்த ஒரு காய்ச்சலில் ரெண்டு காதும் சுத்தமாகப் போய்விட்டது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். தன் குரல் தனக்குக் கேட்காது என்பதால் ரகசியத்தைக்கூடக் கத்தித்தான் சொல்வாள். அன்றைக்கு ஆரத்தி வரைக்கும் நின்றாள். எல்லாரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு எட்டிப் பார்க்க, அவள் மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டு திருப்தியாகத் திரும்பினாள்.

ஆராவமுதன் அவளை நிறுத்தி, உதட்டை அசைத்து அசைத்துக் கேட்டார். "பெருமாள் முகம் தெரிஞ்சுதா?"

"இன்னா சாமி கேள்வி இது? நல்லா கீது!"

"மங்கலா இல்லையா? போன மாசத்தை விட?"

"எப்பவும் போலதான் கீது! போன மாசம், அதுக்கு முந்தின மாசம், எல்லாம் ஒண்ணுதான்!"

செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ராமதாஸ் அங்கிருந்தே சிரித்தார். "செவிட்டுக் கேஸு, அதுக்கு இன்னா தெரியும். மேளம் நின்னு போனதே அதுக்குத் தெரியாது."

ஆராவமுதன் கையிலிருந்த தட்டோடு அப்படியே நின்றார்.

மேளம் நின்று போனதே அவளுக்குத் தெரியாது. மேளம் கேட்டவர்களுக்கெல்லாம் தீபம் மங்கிப் போச்சு. கேட்காதவளுக்கு மட்டும் மங்கவில்லை. ராமதாஸ் முதலில் முகம் தெரியவில்லை என்று சொன்னது எப்போது? ஆராவமுதன் விரல் விட்டு நாள் எண்ணிப் பார்த்தார். மேளம் நின்று, அவருடைய கைமணியும் நின்ற பிறகுதான். அதற்கு முன்னால் ஒரு குறையும் வந்ததில்லை.

மத்தியானம் நடை சாத்தின பிறகு வத்சலாவைக் கூட்டிக்கொண்டு வந்து மண்டபத்தில் நிற்க வைத்தார். அவள் கையில் வீட்டுத் தாம்பாளமும் கரண்டியும். வெளிக்கதவை மூடி, ஜன்னலுக்குத் துணி போட்டு உள்ளே இருட்டாக்கினார்.

"நான் தீபத்தைக் காட்டறச்சே நீ அடி. நிறுத்துன்னா நிறுத்து."

"உங்களுக்கு என்ன ஆச்சு? பசியா?"

"அடி, சொல்றேன்."

கரண்டி தாம்பாளத்தில் விழுந்தது. டண், டண், டண். ஆராவமுதன் ஒற்றைத் திரிதான் போட்டிருந்தார். பெருமாளின் மோவாய் எழுந்து வந்தது. கவசத்தின் விளிம்பில் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் ஓடியது.

"நிறுத்து."

முகம் உள்ளே போய்விட்டது. தீபம் அசையவில்லை, திரி கருகவில்லை, காற்று இல்லை.

"அடி."

திரும்ப வந்தது.

"என்னன்னா இது?" என்று மண்டபத்திலிருந்து வத்சலா கேட்டாள். அடிப்பதை அவளாகவே நிறுத்தினாள், அவளாகவே ஆரம்பித்தாள். மூணாவது தடவை அவள் குரல் தழைந்துவிட்டது. "எனக்கும் அப்படித்தான் தெரியறது."

"கண்ணு தனியாப் பாக்கறதுன்னு நெனச்சிண்டிருந்தோம். பக்கத்துல காது நின்னு கைகுடுத்திண்டிருந்திருக்கு. அது கையை எடுத்துடுத்து, அவ்வளவுதான்," என்றார் ஆராவமுதன்.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் அன்று சாயங்காலமே தீனதயாளனிடமிருந்து போன் வந்தது. "சாமி, நல்ல சேதி. மோட்டாரு ரெடியாம். நாளிக்கி ஆள் வந்து மாட்டிடுவான்."

ஆராவமுதன் கணக்குப் போட்டுப் பார்த்தார். சனிக்கிழமை மேளம் வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை தீனதயாளன் வீட்டு நெய்யில் முகம் பளிச்சென்று தெரியும். எந்த நெய்யிலும் தெரியும். ஊர் பார்க்கப் போவது நெய்யைத்தான், மேளத்தை இல்லை.

"மேளத்தை ஞாயித்துக்கிழமை பூஜை முடியற வரைக்கும் மாட்ட வேண்டாம்."

"ஏன் சாமி?"

"காரணத்தை அன்னிக்கே சொல்றேன். எனக்காக இது ஒண்ணு பண்ணுங்கோ."

"நீ கேக்கறதே எனக்கு ஒரு மாரி கீது சாமி," என்றார் தீனதயாளன். ஆனால் மாட்டச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைகுண்ட ஏகாதசிக்கு வந்த மாதிரி இருந்தது. பெருமாளைப் பார்க்க வந்தவர்கள் பாதி, பட்டர் மாட்டிக்கொள்வதைப் பார்க்க வந்தவர்கள் பாதி. தீனதயாளன் தூக்குச் சட்டியிலிருந்து நெய்யைத் தன் கையாலேயே விளக்கில் ஊற்றினார். திரியையும் அவரே போட்டார். ஆராவமுதன் அதை வாங்கிக் கொண்டுபோய்க் கையில் பிடிக்காமல், பெருமாள் எதிரே இருக்கிற பீடத்தில் வைத்து ஏற்றிவிட்டு, கருவறை வாசலுக்கு வந்து ஓரமாக நின்றார். என் கை படவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி.

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஒரு சத்தமும் இல்லை.

"இன்னா மே, தெரிதா?"

"எங்க தெரிது? அதே மாரிதான் கீது."

"தலைவரு வூட்டு நெய்யிலயும் கலப்படமா?" என்று யாரோ கேட்க, ரெண்டு பேர் சிரித்தார்கள். தீனதயாளன் முகம் தொங்கிப் போச்சு. தூக்குச் சட்டிக்குள் மோந்து பார்த்தார்.

ராமதாஸ் அசரவில்லை. "அப்போ நெய்யில இல்ல. பெருமாளே மொகத்த மறைச்சிகினாரு. இந்த ஆளு இங்க நிக்கற வரைக்கும் காட்ட மாட்டாரு."

திருட்டுப் பட்டத்தைவிட இது மோசம் என்று ஆராவமுதனுக்குத் தெரிந்தது. திருட்டுக்காவது சாட்சி வேண்டும், இதற்கு ஒன்றும் வேண்டாம். கால் ரெண்டும் வலித்தது. உட்காரலாம் போல இருந்தது. அவர் உள்ளே போய்க் கைமணியை எடுத்து வந்தார். பூஜை மணியை வேறொருவர் கையில் கொடுக்கிற வழக்கம் கிடையாது. அவர் அப்பா இருந்திருந்தால் கையை ஓங்கியிருப்பார். அதை ராமதாஸிடம் நீட்டினார்.

"அடிங்கோ."

"நானா?"

"நீங்கதான். நான் அடிச்சா மந்திரம் போட்டேன்னு சொல்லுவேள். வெளக்கைப் பாத்துண்டே அடிங்கோ."

ராமதாஸ் வாங்கத் தயங்கினார். பின்னால் இருந்து ஒருத்தன், "வாங்கு மச்சான், கடிச்சிடாது," என்றான். வாங்கினார். அடித்தார்.

உள்ளே பெருமாள் முகம் எழுந்து வந்தது. முன்வரிசைப் பெண்கள் கை தானாகக் கூப்பிக்கொண்டது. "கோவிந்தா!" என்று யாரோ கத்தினார்கள். ராமதாஸ் அடிப்பதை நிறுத்திவிட்டு விளக்கை உற்றுப் பார்த்தார். திரும்ப அடித்தார். நிறுத்தினார். பருப்பைக் கரண்டியில் அள்ளி அள்ளிப் பார்க்கிற மாதிரி அடித்து அடித்துப் பார்த்தார்.

"காதைப் பொத்திண்டு பாருங்கோ, தீனதயாளன்," என்றார் ஆராவமுதன். "ராமதாஸ், நீங்க நிறுத்தாதீங்கோ."

தீனதயாளன் ரெண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டார். எடுத்தார். விட்டார். எடுத்தார். "அய்ய, இன்னாடா இது!" என்றார். அவ்வளவுதான், மண்டபம் முழுக்க ஆம்பளை பொம்பளை அத்தனை பேரும் காதைப் பொத்துவதும் விடுவதுமாக இருந்தார்கள். பால் செம்போடு அப்போதுதான் உள்ளே வந்த வேண்டா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னா ஆச்சு எல்லாருக்கும்? பட்டாசா வெடிக்குது?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

ஆராவமுதன் அவளைக் காட்டினார். "ஒரு மாசமா இவ ஒருத்திக்குத்தான் பெருமாள் மங்கலை. மேளம் இருந்தாலும் இல்லாட்டாலும் இவளுக்கு ஒரே வெளிச்சம். நமக்கெல்லாம் சத்தம் சேந்தாத்தான் வெளிச்சம் முழுசாத் தெரியறது. எனக்கும் அப்படித்தான், நான் கண் டாக்டர்கிட்டப் போயிட்டு வந்தேன். நெய்யில ஒரு சொட்டு குறையலை."

தீனதயாளன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "பாத்துகினீங்களா? இனிமே எவனாவது நெய்யின்னு வாய தெறந்தான், நா மனுசனா இருக்க மாட்டேன். சாவி சாமிகிட்டதான் இருக்கும்."

"மணிக்குள்ள இன்னாவோ வச்சிகீறாரு," என்று பின்னால் ஒரு குரல் முனகத்தான் செய்தது. அப்படி ஒரு ஆள் எங்கேயும் இருப்பான். யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தீர்த்தம் கொடுக்க ஆராவமுதன் வட்டிலை எடுத்தார். வரிசையில் ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் அவர் முகத்தைப் பார்த்தார்கள், சிலர் உள்ளங்கையை மட்டும் பார்த்தார்கள். கடைசி ஆளாக ராமதாஸ் வந்தார். மணியை இன்னும் கையிலேயே வைத்திருந்தார். ஒரு மன்னிப்பு வரும் என்று ஆராவமுதன் காத்திருந்தார். அது தனக்கு இவ்வளவு வேண்டியிருக்கிறது என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

ராமதாஸ் தீர்த்தத்தைக் குடித்தார், மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டார். "மோட்டாரு நாளிக்கி சாயங்காலம்தான் வருமாம்," என்றார்.

"ஆமா."

"உனக்கு கை தூக்க முடியாது."

"ஆமா."

"நாளிக்கி காலைல நா வந்து அடிக்கட்டா சாமி?"

ஆராவமுதன் அவரைப் பார்த்தார். கேட்க நினைத்ததெல்லாம் நெஞ்சு வரைக்கும் வந்தது. கெட்டுப்போன தூக்கம், வீட்டு நெய் ஜாடி, நாற்பத்தொன்றாம் டோக்கன். எதையும் கேட்கத் தெம்பில்லை.

"அஞ்சே காலுக்கு வந்துடுங்கோ," என்றார். "குளிச்சுட்டு வாங்கோ."

கோயில் காலியான பிறகு வத்சலா தட்டுகளை அலம்பிக்கொண்டே கேட்டாள். "ராமதாஸ் மன்னிச்சுக்கோன்னு சொன்னாரா?"

"இல்லை. மணி அடிக்க வரேன்னார்."

"அது போறுமா?"

அவர் யோசித்தார். போதாது என்றுதான் பட்டது. படியில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தார். அவள் அடுத்த தட்டை எடுத்து அலம்பிவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் தூங்கியிருந்தார்.